சரஸ்வதி காலடியில் என் ஸ்பெனர்

டயர் கடைக்காரர்களோடு சண்டை போடுவதில் நான் பெரிய சூரன். காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடிக்கு முன்னால் நின்று நான் கேட்கும் கேள்விகளைக் கேட்டால், எங்கள் மலையகத்து அட்டனில் ஒரு டயர் கடைகூடக் கதவைத் திறக்காது. சிக்கல் என்னவென்றால், கடை வாசலில் காரை நிறுத்தியதும் அந்தக் கேள்விகளெல்லாம் எங்கோ போய்விடும். வாயில் மிஞ்சுவது இரண்டே சொற்கள்: "பரவாயில்ல பாஸ்."

எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்த எல்லோருமே பாஸ்தான். சுவர் கட்டுகிறவரும் பாஸ், கதவு செய்கிறவரும் பாஸ், டயர் கழற்றுகிறவரும் பாஸ். அப்படி மரியாதையாகக் கூப்பிட்ட பிறகு எப்படித் திட்டுவது?

ஒரு முறை பங்ச்சர் ஒட்டக் கொடுத்தேன். ஒட்டிய இடம் நன்றாகவே இருந்தது. டயரைத் திரும்பப் பூட்டும்போது பாஸ் இன்னொரு இடத்தில் டியூப்பைக் கிள்ளிவிட்டார். "பரவாயில்ல பாஸ்" என்று அதையும் ஒட்டிக்கொண்டு வந்தேன். இன்னொரு முறை காற்றை அளவுக்கு மேல் அடித்துவிட்டார்கள். றொசல்ல வரைக்கும் கார் தவளை மாதிரி தத்தித் தத்தி வந்தது. மற்றொரு நாள், வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் என் மனைவி பின்சக்கரத்தை வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, இந்த வீல் கப் நம்மளது இல்லயே. நம்மளது சாம்பல் கலருல்ல?"

பார்த்தேன். கறுப்பு. "பரவாயில்ல" என்றேன். எங்கள் சாம்பல் கப்பைப் பூட்டிக்கொண்டு எவனோ ஒருவன் கினிகத்தேனைப் பக்கம் போய்க்கொண்டிருந்திருப்பான். அவனும் அவன் மனைவியிடம் இதையேதான் சொல்லியிருப்பான்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் போவது அதே கடைக்குத்தான். வேறு கடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தக் கடையில் உட்கார வாங்கு இருக்கிறது, பாலில்லாமல் இஞ்சி போட்ட பிளேன்டி தருகிறார்கள். தேயிலைத் தோட்டத்து ஒப்பிஸில் கிளாக்கர் வேலை பார்க்கிற எனக்குக் கோபத்தைவிடப் பிளேன்டி முக்கியம்.

அந்தப் பிளேன்டி ஒரு நாள் என் கொழுந்தியாளின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

கொழுந்தியாள் என்றால் என் மனைவியின் தங்கை. பட்டம் முடித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்காக எங்கள் வீட்டில் இருந்து காத்திருந்தவள். காத்திருந்த வருடங்களில் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்கு எங்கள் முன்னறையில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனால் போதும், குடத்தோடு நிற்கிற பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு முறை கேட்பார்கள்: "என்னா பாப்பா, டீச்சர் வேல என்னாச்சு?" இவள் சிரித்துக்கொண்டே "வரும்க்கா" என்பாள். கொஞ்ச நாளில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் பீலிக்குப் போகத் தொடங்கினாள். அவள் சிரிப்பு எவ்வளவு தேய்ந்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

போன வருடம் ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்னால் கடிதம் வந்தது. நல்லதண்ணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். குறிப்பிட்ட திகதியில் பொறுப்பேற்காவிட்டால் நியமனம் இரத்து என்று அடியில் எழுதியிருந்தது. அந்தத் திகதி ஆயுத பூசைக்கு மறுநாள். பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியையான அதிபரம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டாள்.

"ஒம்பது மணிக்குள்ள வந்து கையெழுத்து வச்சிருங்கம்மா. அதுக்கு மேல நான் கூட்டத்துக்குப் போயிருவேன். நான் இல்லாம பொறுப்பேக்க ஏலாது."

"நான் பஸ்ஸுல போயிக்கிறேன் மச்சான்" என்றாள்.

"வீட்டுல கார் நிக்கிறப்ப பஸ்ஸா? நான் கொண்டுபோய் எறக்குறேன்."

"கார் நிக்கிறதுதான் மச்சான் எனக்குப் பயம். ஓடுறப்பவும் நின்னுருது."

என் கார் உருவத்தில் சின்னது, வயதில் பெரியது. அதற்காக இப்படியா பேசுவது? மானப் பிரச்சினையாகிவிட்டது. ஆயுத பூசையன்று பின்னேரம் நேராக டயர் கடைக்குப் போனேன்.

பாஸ் நான்கு சக்கரங்களையும் சுற்றி வந்து பார்த்தார். "பின் டயர் பரவால்லீங்க கிளாக்கரய்யா. முன் டயர் ரெண்டும் மொட்ட. முன்னத பின்ன, பின்னத முன்ன மாத்திருவோம். நல்லதண்ணி என்னா, கதிர்காமமே போயிட்டு வரலாம்."

கடையில் ஏற்கனவே பூசை வேலை நடந்துகொண்டிருந்தது. வாசலில் வாழைக்கன்று, கம்பிரசருக்கு மாலை. சாமி படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, கழுவின சாமான்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். என் வேலைக்குத் தேவையான ஒரு ஜெக்கும் ஒரு வீல் ஸ்பெனரும் மட்டும்தான் இன்னும் இலைக்குப் போகாமல் இருந்தன. நான் வாங்கில் உட்கார்ந்து பிளேன்டியை ஊதிக் குடித்தேன்.

மூன்று சக்கரங்களைப் பூட்டி இறுக்கியாயிற்று. நான்காவது, முன்பக்கம் இடதுசக்கரம். பாஸ் அதைத் தூக்கி மாட்டி நட்டுகளை விரலால் சுழற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பூசாரி வந்துவிட்டார். ஆறு மணிக்கு வரவேண்டியவர், இன்னும் ஏழு கடை பாக்கி இருக்கிறதென்று நாலரைக்கே வந்து நின்றார். கடை முதலாளி உள்ளே இருந்து சத்தம் போட்டார்.

"சாமி வந்துட்டாரு! இன்னும் என்னா சாமான் வெளிய கெடக்குது? எல்லாத்தையும் கொண்டாந்து வைங்கப்பா!"

பாஸுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்பெனரை முதலாளியே வந்து எடுத்தார், வாளியில் முக்கினார், துடைத்தார், சந்தனம் வைத்து இலையில் வைத்துவிட்டார். வைத்த சாமானை மறுநாள் பூசை முடியும்வரை தொடக்கூடாது. பாஸ் அரை நிமிடம் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு நான்கு நட்டுகளையும் விரல்களாலேயே விறுவிறுவென்று சுழற்றி முடித்து, காரை இறக்கி, ஜெக்கையும் இலைக்கு அனுப்பினார். வீல் கப்பை வைத்து உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை.

"முடிஞ்சுச்சு!"

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருடைய விரல் வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன். 'தொழில்காரன்னா இவன்தான்' என்று மனதுக்குள் பாராட்டு வேறு. பூசாரி காருக்கும் எனக்கும் ஒரே கையோடு பொட்டு வைத்தார். நான்கு சக்கரத்துக்கும் நான்கு தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வைத்தார்கள். நான்கையும் நசுக்கிக்கொண்டு, அவித்த கடலை ஒரு பொட்டலமும் வாங்கிக்கொண்டு ஊர்வலம் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

வீட்டிலும் பூசை. என் மனைவி கார் டிக்கியைத் திறந்து, நம்முடைய ஸ்பெனரையும் ஜெக்கையும் எடுத்துக்கொண்டு போனாள். அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் பேனா, மாமனார் வைத்துவிட்டுப் போன தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, தங்கையின் சான்றிதழ்கள், நியமனக் கடிதம் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. நடுவில் ஸ்பெனர், மூன்று சந்தனப் பொட்டோடு, மாப்பிள்ளை மாதிரி.

மறுநாள் விடிவதற்கு முன்பே புறப்பட்டோம். மனைவி சூடம் கொளுத்திக் காட்டி, கடிதத்தையும் சான்றிதழ்களையும் மட்டும் எடுத்துத் தங்கையிடம் கொடுத்தாள்.

"அப்ப ஸ்பெனர்?" என்றேன்.

"லெட்டர் படிப்பு சாமான். அதுக்கு சரஸ்வதி ஒண்ணும் சொல்லமாட்டா. இரும்பு சாமான் வெளிச்சம் வந்து முழுப் பூச முடிஞ்சப்புறந்தான்."

"அதுவும் சரிதான். நேத்துத்தானே பாஸ் நாலு வீலையும் பாத்தாரு. ஸ்பெனருக்கு என்னா வேல?"

இந்த வாக்கியத்தைச் சொன்னவன் நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை.

கொழுந்தியாளின் சாமான் பின்சீற் முழுக்க நிறைந்திருந்தது. தலையணை, பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, வாளி. வாளிக்குள் இடம் போதாமல் ஒரு சட்டியும் கரண்டியும் அவள் காலடியில் இருந்தன. அட்டன், டிக்கோயா தாண்டி நோர்வூட் வரைக்கும் நன்றாகத்தான் போனோம். பனி விலகித் தேயிலை மலை பச்சையாகத் தெரியத் தொடங்கியது. நான் பாட்டுக்கூடப் பாடினேன். அப்போது ஒரு சத்தம். கடக்... கடக்... கடக்.

"மச்சான், என்னமோ சத்தம் கேக்குது."

"ஒன் சட்டிதான். கரண்டிய எடுத்து மடியில வச்சுக்க."

எடுத்து வைத்தாள். கடக், கடக்.

"சட்டிய பாயிக்குள்ள சுத்து."

சுற்றினாள். கடக், கடக், கடக்.

"அடுப்பு மூடி."

மூடியைக் கழற்றிக் கையில் பிடித்தாள். பிறகு வாளி. பிறகு வாளியின் கைப்பிடி. இப்படி அவளுடைய குடித்தனம் மொத்தத்தையும் மடியில் ஏற்றிவிட்டேன். சட்டி, கரண்டி, மூடி, வாளி எல்லாவற்றையும் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூக்கு மட்டும் வெளியே தெரிய அவள் சொன்னாள்:

"மச்சான், இனிமே ஆடுறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. வண்டிய நிப்பாட்டுங்க."

நிறுத்துவதற்கு முன்னால் ஸ்டியரிங் ஓர் ஆட்டம் ஆடியது பாருங்கள், பாடிய பாட்டு தொண்டையிலேயே நின்றுவிட்டது. மெதுவாக ஓரங்கட்டினேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். இடதுபக்க முன்சக்கரத்தின் கப்பை அவள்தான் நெம்பித் திறந்தாள். உள்ளேயிருந்து மூன்று நட்டுகள், வறுத்த கச்சான் கடலை மாதிரி, அவள் உள்ளங்கையில் பொலபொலவென்று விழுந்தன. நான்காவது நட்டு மட்டும் போல்ட்டின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கப் இல்லாவிட்டால் மூன்றும் எங்கே போயிருக்கும், சக்கரம் எங்கே போயிருக்கும், நாங்கள் எங்கே போயிருப்போம் என்று நான் கணக்குப் போடவில்லை.

"ஸ்பெனர எடுங்க" என்றாள்.

நான் டிக்கியைத் திறந்து, ரொம்ப நேரம் தேடுவது மாதிரி பாவனை செய்தேன். பிறகு மனைவிக்குப் போன் போட்டேன்.

"நம்ம ஸ்பெனர் எங்க?"

"சரஸ்வதி காலடியில ஜம்முனு இருக்கு. ஏன் கேக்குறீங்க?"

"ச்சும்மாதான். பத்திரமா இருக்கான்னு கேட்டேன்."

கொழுந்தியாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழே முக்கால். பிறகு கடித உறையைப் பார்த்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "பஸ்ஸு வந்தா ஏறிக்கிறேன் மச்சான்" என்று மட்டும் சொன்னாள். ஆனால் பஸ் எப்போது வரும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதலில் வந்தது தேயிலைக் கொழுந்து ஏற்றும் ஒரு லொறி. சிங்களச் சாரதி, நல்ல மனுஷன், தானாகவே நிறுத்தினார். "மொகத உனே மஹத்தயா?" என்று என்ன ஆயிற்றென்று கேட்டு, குனிந்து பார்த்து, "அப்போ!" என்று, நம்முடைய 'ஐயோ' மாதிரி, தலையில் கைவைத்துக்கொண்டார். ஓடிப்போய் ஒரு ஸ்பெனர் கொண்டுவந்தார். அது படகுத் துடுப்பு அளவு இருந்தது. என் காரின் நட்டு அதற்குள் சட்டிக்குள் விழுந்த பட்டாணி மாதிரி உருண்டது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவர் வருத்தத்தோடு போனார்.

அடுத்தது ஓர் ஆட்டோ. முன்கண்ணாடியில் மாலை, பொட்டு, இரண்டு பக்கமும் வாழையிலை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சாமானெல்லாம் பூசையில இருக்குங்கண்ணே" என்றார் ஓட்டுகிறவர். பிறகு என்னைப் பார்த்து, "அது சரி, ஒங்க சாமான் எங்க?"

"அதுவும் பூசையிலதான்."

"அப்ப சரி" என்றார், ஏதோ கணக்கு நேரானது மாதிரி. "அக்காவ வேணுன்னா ஏத்திக்கவா? நான் மஸ்கெலியா வரைக்குந்தான்."

மஸ்கெலியாவில் இறங்கி, இவ்வளவு சாமானோடு மறுபடி பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மரக்கறி வேன் வந்து நின்றது. கண்ணாடியில் செபமாலை தொங்கியது. ஓட்டி வந்தவர் என்னைவிட வயதானவர். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அண்ணே, ஒங்க ஸ்பெனரும் பூசையில..."

"நாங்க வேதக்காரங்க தம்பி. எங்க ஸ்பெனருக்கு நேத்தும் வேல, இன்னைக்கும் வேல."

சீற்றுக்கு அடியிலிருந்து எடுத்தார். நான்கு முனையிலும் நான்கு அளவு உள்ள ஸ்பெனர். சிலுவை வடிவத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கும்புட்டது போதும், புடிங்க" என்றார். "எனக்கு இடுப்புப் புடிச்சிருக்கு, குனிய ஏலாது. ஜெக்கும் தாறேன். நீங்களே இறுக்கிக்குங்க."

ஜெக்கை வைத்துத் தூக்கினேன். நட்டுகளைப் போட்டுக் காரை இறக்கினேன். ஸ்பெனரை வைத்து மூச்சைப் பிடித்துத் திருகினேன். வழுக்கி, முழங்கை பம்பரில் போய் இடித்தது. மறுபடி திருகினேன். இந்த முறை நட்டு திரும்பவில்லை, நான் திரும்பி உட்கார்ந்தேன்.

வேன்காரர் வானத்தைப் பார்த்தார். "தம்பிக்கு என்னா வேலங்க?"

"ஒப்பிஸு வேல" என்றாள் கொழுந்தியாள். "தள்ளுங்க மச்சான்."

முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கென்று அக்கா எடுத்துக்கொடுத்த புதுச் சேலை. கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள். நட்டில் ஸ்பெனரை மாட்டி, அதன் கைமேல் ஒரு காலை வைத்து, என் தலையைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றாள். 'கிறீச்' என்று ஒரு சத்தம். அடுத்த நட்டு. அதற்கும் அப்படியே. நான்கையும் முடித்துவிட்டு, மற்ற மூன்று சக்கரத்தையும் ஒரு முறை ஏறி இறங்கிப் பார்த்தாள். என் தலை ஒவ்வொரு சக்கரத்துக்கும் கைப்பிடியாகப் போய் வந்தது. அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

"பலமான பிள்ள" என்றார் வேன்காரர். "எங்கம்மா போறீங்க?"

"கையெழுத்து வைக்கப் போறேங்க" என்றாள். அதற்குள் கடிகாரம் எட்டைத் தாண்டிவிட்டது.

மிச்சத் தூரத்தை எப்படி ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. பாட்டுப் பாடவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் போய் நின்றபோது ஒன்பதுக்கு ஆறு நிமிடம். அதிபரம்மா கைப்பையும் குடையுமாக வாசலுக்கே வந்துவிட்டிருந்தார். கார் கதவைத் திறந்துகொண்டு இறங்கியவளை மேலும் கீழும் பார்த்தார். புதுச் சேலை, கலைந்த தலை, முழங்கை வரைக்கும் கறுப்பு கிறீஸ் மை.

"என்னம்மா கையில?"

"வீல் இறுக்குனேன் மிஸ்."

அதிபரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தேயிலை மலையைப் பார்த்தேன்.

உள்ளே போனோம். அங்கேயும் சரஸ்வதி பூசை. வரவுப் பதிவேடு, சோக்குப் பெட்டி, மணி எல்லாம் படத்துக்கு முன்னால் சந்தனப் பொட்டோடு இருந்தன. இதை எடுப்பதற்கு எத்தனை மணிக்குப் பூசையோ?

கொழுந்தியாள் மெதுவாகச் சொன்னாள்: "படிப்பு சாமான எடுக்கலாம் மிஸ். எங்கக்கா காலைல அப்புடித்தான் எடுத்தா."

அதிபரம்மா சிரித்தே விட்டார். சூடம் ஒன்றைக் கொளுத்திக் காட்டிவிட்டுப் பதிவேட்டை எடுத்து விரித்தார். கொழுந்தியாள் கையைச் சேலையில் துடைக்கப் போய், புதுச் சேலையாயிற்றே என்று நிறுத்தி, என் சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அவ்வளவு துடைத்தும் பெயருக்குப் பக்கத்தில் பெருவிரல் அளவுக்கு ஒரு கறுப்புத் தடம் விழுந்துவிட்டது. "ஐயோ மிஸ்" என்றாள்.

"பரவால்ல டீச்சர்" என்றார் அதிபரம்மா.

அவளை அந்தப் பெயரால் ஒருவர் கூப்பிட்டது அப்போதுதான் முதல் தடவை. அவள் குனிந்து அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும் வழி முழுக்க, கண்ணாடி இல்லாமலே டயர் கடைக்காரரோடு சண்டை போட்டேன். இந்த முறை விடுவதில்லை. நோர்வூட்டில் தொடங்கிய திட்டு டிக்கோயாவில் நன்றாக முற்றி, அட்டன் வந்தபோது பழுத்தேவிட்டது. கடை வாசலில் பிறேக் அடித்து இறங்கினேன்.

"பாஸ்! நேத்து நீங்க இறுக்காம விட்ட வீலு இன்னைக்கு நோர்வூட்டுக்கு அங்கிட்டு கழண்டு விழப் பாத்துச்சு! பொம்பளப்புள்ளய வச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னேன்!"

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். பாஸின் முகம் வெளுத்துவிட்டது. "ஆத்தாடி! அந்த நாலாவது வீலு!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "பூச அவசரத்துல மறந்தே போயிட்டேங்க. தப்புத்தான். பெரிய தப்பு." கண் கலங்கிவிட்டது அவருக்கு. பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டார்: "வழியில ரொம்பக் கஷ்டப்பட்டீங்களோ? ஒங்க வண்டி ஸ்பெனர் எங்க போச்சு?"

நான் வாங்கில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பிளேன்டி வந்தது.

பாஸ் ஸ்பெனரை எடுத்துக்கொண்டு போனார். அதில் இன்னும் சந்தனப் பொட்டு இருந்தது. முன்சக்கரத்தில் மாட்டி இழுத்தார். அசையவில்லை. எழுந்து நின்று காலால் மிதித்தார். அப்போதும் அசையவில்லை. நான்கு சக்கரத்தையும் பார்த்துவிட்டு வந்தார்.

"இது யாருங்க இறுக்குனது? நம்ம கடையில ஒருத்தனும் இப்புடி இறுக்குனதில்ல. அந்த ஆள எனக்குக் காட்டுங்க, நாளைக்கே வேலைக்கு வச்சுக்கிறேன்."

"அதுக்கு வழியில்ல பாஸ்" என்றேன், பிளேன்டியை ஊதிக்கொண்டே. "அவங்களுக்கு இன்னைக்குக் காலையிலதான் வேல கெடச்சிருச்சு."